கீழ்த்தெருவில் பெய்த மழை

காலையில் முச்சந்திக்கு வந்ததும் சாவியண்ணன் செய்கிற முதல் வேலை, தரையோடு பதிந்திருக்கும் இரும்பு மூடியைக் கம்பியால் நெம்பித் திறப்பது. உள்ளே இடுப்பளவுப் பள்ளம். பள்ளத்தில் இரண்டு வால்வுகள். ஒன்று கீழ்த்தெருவுக்கு, மற்றது மேட்டுத்தெருவுக்கு. தோள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி வைத்திருப்பார். அதை உள்ளே விட்டு, வால்வின் தலையில் பொருத்தி, குறுக்குப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றுவார். சுற்றி முடித்ததும் சாவியின் மேல் நுனியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் இரும்பு வழியாக ஏறி வரும்.

"என்னண்ணே, தண்ணி என்ன சொல்லுது?" என்று குடத்தோடு நிற்கிற பெண்கள் கேட்பார்கள்.

"குடத்தை நல்லா கழுவிட்டு வரச் சொல்லுது" என்பார், கண்ணைத் திறக்காமலே.

ஊரில் அவருக்கு வைத்த பெயரே அதனால் சாவியண்ணன். நகராட்சிச் சம்பளம், காக்கிச் சட்டை, பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு தெருவின் அடுப்பும் அவர் கையசைவில்தான் எரிந்தது. இரண்டு வால்வையும் ஒன்றாகத் திறந்தால் தண்ணீர் மேடேறாது. ஆகவே காலையில் கீழ்த்தெரு முறை, மதியம் மேட்டுத்தெரு முறை. மேட்டுத்தெருவின் உச்சியில் பிரசவ ஆஸ்பத்திரி. அங்கேதான் அவர் மனைவி ஆயாவாக வேலை பார்த்தாள். காலை முழுவதும் தரை கழுவி, துணி அலசி, தொட்டி அடி தட்டுகிற நேரத்தில் மதியத் தண்ணீர் வந்து நிரப்பும். இத்தனை வருஷத்தில் அவர் முறை தவறியதில்லை.

அப்படிப்பட்ட தெருவுக்குத்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

வந்தவர்கள் முதலில் செய்தது வீடுகளுக்கு வயதேற்றியது. போன வருஷம் வெள்ளையடித்த சுவரில் எல்லாம் பாசி வரைந்தார்கள். கிட்டே போய் விரலால் தடவிப் பார்த்தவர்களும் அது வரைந்தது என்று நம்பவில்லை, அத்தனை ஈரமாகத் தெரிந்தது. மின்கம்பிகளைக் கொடியால் மறைத்தார்கள். மேட்டுத்தெரு ஏற்றம் தொடங்குகிற இடத்தில் பலகையாலும் தெர்மோகோலாலும் ஒரு மணிக்கூண்டு எழுப்பினார்கள். நூறு வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்றது போல அதன் மூலையில் ஒரு விரிசல்கூட வைத்திருந்தார்கள். அதில் ஒரு புறா வந்து உட்கார்ந்தபோது தெருவே கைதட்டியது.

சாவியண்ணனின் மைத்துனன் அங்கே டீக்கடை வைத்திருந்தான். அவன் கடையைப் பூக்கடை ஆக்கிவிட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, துணிப் பூக்களுக்கு நடுவே புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, டீ இல்லையா?" என்றார் சாவியண்ணன்.

"ஷூட்டிங் முடியிற வரைக்கும் பூ மட்டும்தான் மாமா. வேணும்னா ஒண்ணு மோந்து பாத்துட்டுப் போங்க."

"வாசனையே இல்லையேடா."

"சினிமாவுல வாசனை தெரியாது மாமா. உங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது!"

காய்கறி வண்டி தெருவுக்குள் வரக் கூடாது என்றார்கள். தெருக்காரர்கள் சரி என்றார்கள். தையல்காரர் மெஷினை மிதித்தால் சத்தம் பதிவாகிறது என்றார்கள். அவர் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றுகொண்டார். பள்ளிப் பிள்ளைகள் சுற்றிப் போனார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிற கர்ப்பிணிகள் தெரு முனையில் சினிமாக்காரர்கள் குறுக்கே கட்டிய கயிற்றருகே ஆட்டோவை விட்டு இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சந்து வழியாக மேடேறினார்கள். அவர்களும் ஏறுவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று, வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் ஏறினார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கண்முன்னே ஓர் அதிசயம் நடக்கும்போது அசௌகரியத்தைப் பற்றிப் பேசுவதே அநாகரிகம் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

அவர் மனைவி மட்டும் ஒருநாள் சொன்னாள்: "நெறைமாசக்காரி ஒருத்தி சந்துல வழுக்கி விழத் தெரிஞ்சா. அந்தக் கயித்தைக் கொஞ்சம் தளத்தச் சொல்லக் கூடாதா நீங்க?"

"சொல்றேன், சொல்றேன்" என்றார் சாவியண்ணன். சொல்லவில்லை. கயிற்றுக்கு உள்ளே நின்று பார்க்க அனுமதி பெற்ற வெகு சிலரில் அவரும் ஒருவர். அந்த இடம் போய்விடுமோ என்று உள்ளூர ஒரு பயம்.

மழைக் காட்சி எடுக்க வேண்டிய நாள் வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. காலையிலேயே இரண்டு கிரேன்களைக் கொண்டுவந்து, தெருவின் இந்தக் கூரையிலிருந்து அந்தக் கூரை வரைக்கும் கறுப்புத் துணியை இழுத்துக் கட்டினார்கள். நட்டநடு உச்சிப்பொழுதில் கீழ்த்தெருவில் அந்தி இறங்கியது. காக்கைகள் குழம்பிப் போய்க் கத்தின. சூரியனையே போர்வை போட்டு மூடிவிட்டார்களே என்று சாவியண்ணன் வாயைப் பிளந்து நின்றார். துணிக்குக் கீழே, பூவாளி முகம் போலத் துளையிட்ட குழாய்கள் வரிசையாகத் தொங்கின.

அப்போதுதான் படக்கம்பெனி மேனேஜர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். நல்ல மனிதர், யாரைப் பார்த்தாலும் அண்ணே என்பவர்.

"அண்ணே, ஒரு சின்ன உதவி. காலையில வந்த லாரித் தண்ணி ஒத்திகையிலயே தீந்துபோச்சு. அடுத்த லாரி பாதி வழியில அச்சு முறிஞ்சு நிக்குது. ஹீரோயின் இன்னிக்குச் சாயங்காலம் கெளம்பிடுவாங்க. இந்த மழை இல்லன்னா படமே இல்லண்ணே."

"அதுக்கு நான் என்ன தம்பி பண்றது? வானத்துக்கு வால்வு எங்கிட்ட இல்லையே!"

"இருக்குண்ணே" என்று மேனேஜர் அந்த இரும்பு மூடியைக் காட்டினார். "கீழ்த்தெருக் குழாயில எங்க பம்பை மாட்டிக்கிறோம். நீங்க திறந்துவிட்டாப் போதும்."

"இது மேட்டுத்தெரு முறையாச்சே. ஆபீஸ்ல கேட்டீங்களா?"

"தெருவுக்கே அனுமதி வாங்கியாச்சுண்ணே. தண்ணி தெருவுலதானே இருக்கு? ஒரே ஒரு டேக். டைரக்டரே சொல்லி அனுப்பினாரு, அந்தச் சாவியோட நிக்கிறாரே, அவர் கையாலதான் மழை வரணும்னு."

காசு என்று ஒரு வார்த்தை எடுத்திருந்தால் சாவியண்ணன் அப்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். இத்தனை வருஷத்தில் அவர் கை நீட்டியவர் இல்லை. முறைக்கு முன்னால் ஒரு குடம் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் வெறுங்குடத்தோடுதான் திரும்பியிருக்கிறார்கள். லஞ்சம் எப்போதும் நோட்டாகத்தான் வரும் என்று நினைத்திருந்தார். மழையாகவும் வரும் என்று அவருக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் தாமதமானால் மேட்டுத்தெருக்காரர்கள் செத்தா போய்விடுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, சற்று முன் திறந்த மேட்டு வால்வை இறுக்கி மூடினார். கீழ் வால்வில் சாவியைப் பொருத்தினார். உதவி டைரக்டர் ஒருவன் வந்து, சத்தம் வரக் கூடாது என்று அவர் செல்போனை அணைத்து அவர் பையிலேயே போட்டுவிட்டுப் போனான்.

"மழை!" என்று ஒரு குரல் கேட்டது.

சாவியண்ணன் சுற்றினார்.

முதலில் ஒரு சீறல். பிறகு தலைக்கு மேலே ஆயிரம் வெள்ளிக் கம்பிகள் ஒரே நேரத்தில் இறங்கின. வெயிலில் காய்ந்த கல்தரையிலிருந்து மண்வாசனை குபீரென்று கிளம்பியது. எங்கோ மறைந்திருந்த விளக்குகள் பின்னாலிருந்து ஒளியைப் பாய்ச்ச, ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. பொய்ப் பாசியில் நிஜத் தண்ணீர் வழிந்தபோது அது நிஜப் பாசியாகிவிட்டது. மணிக்கூண்டின் விரிசலில் தண்ணீர் சொட்டியது. கதாநாயகி குடையில்லாமல் அந்த மழைக்குள் நடந்து வந்து முகத்தை உயர்த்தினாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற அத்தனை பேரும், தங்கள் மேல் ஒரு துளிகூட விழாமலே, முகத்தை உயர்த்தினார்கள்.

சாவியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க அவர் திறந்துவிட்ட தண்ணீர் சுண்டுவிரல் பருமனில்தான் குழாயிலிருந்து விழுந்திருக்கிறது. அதற்கும் நாலு சண்டை நடக்கும். அதே தண்ணீரா இது? தன் கை சுற்றியதாலா வானம் திறந்தது?

"கட்!"

ஏதோ சரியில்லையாம். திரும்பவும் மழை. அப்புறம் கதாநாயகியின் தலைமுடி காற்றில் தவறாகப் பறந்ததாம். திரும்பவும் மழை. அதற்கப்புறம் கேமராக் கண்ணாடியில் ஒரு துளி. டைரக்டர் தொலைவிலிருந்து அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி, "மழை சார், இன்னொரு தடவை!" என்றார். தெருவே கேட்கும்படி மழை சார்! மைத்துனன் பூக்களுக்கு நடுவிலிருந்து எழுந்து நின்று, "எங்க மாமாங்க அவரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தான். ஒரே ஒரு டேக் என்று தொடங்கியது எத்தனையாவது என்று சாவியண்ணனுக்கு எண்ணத் தோன்றவில்லை. சாக்கடை நிறைந்து தண்ணீர் தெருமுனை வரைக்கும் ஓடியது.

அந்த நேரத்தில்தான் மேட்டிலிருந்து அவர் மனைவி இறங்கி வந்தாள். ஆஸ்பத்திரிச் சேலை, இரண்டு கையிலும் வெறும் வாளிகள். வேகமாக வந்தவளைக் கயிற்றருகே ஒருவன் மறித்தான்.

"அக்கா, ஷாட் போயிட்டிருக்கு. நில்லுங்க."

"ஆஸ்பத்திரியில தண்ணி…"

"ஸ்ஸ்!" என்று ஒரே நேரத்தில் பத்துப் பேர் திரும்பினார்கள். அவளுக்குத் தெரிந்தவர்கள்தான். தையல்காரர், பக்கத்து வீட்டுப் பெண், எல்லோரும் உதட்டில் விரல் வைத்தார்கள். அவள் கூடப் பிறந்த தம்பியே பூக்களுக்கு மேலாக எட்டி, "அக்கா, டேக்கு! வாயைத் தொறக்காதே!" என்று கையைக் கூப்பினான்.

சாவியண்ணன் மழைக்கு ஊடாக அவளைப் பார்த்தார். நம்முடைய பெருமையைப் பார்க்க வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தார். முகமெல்லாம் சிரிப்பாக அவளுக்குக் கையை ஆட்டினார். பிறகு மேலே பார் என்று மழையைக் காட்டினார்.

அவள் பார்த்தாள். ஒரு நொடி அவளும் அந்த அழகில் அசந்துதான் நின்றாள். பிறகு கயிற்றுக்குக் கீழே குனிந்து நுழைந்து, விளக்கு வெளிச்சத்துக்குள், கேமராவுக்கு நேர் எதிரே நடந்துபோய், இரண்டு வாளிகளையும் மழைக்கு நடுவில் வைத்தாள்.

வாளியின் அடியில் தண்ணீர் விழுகிற சத்தம் தடதடவென்று தெரு முழுக்கக் கேட்டது.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். டைரக்டர் எழுந்து நின்றார். ஆனால் கட் சொல்லவில்லை. கேமராமேனின் தோளைத் தொட்டு, ஓடட்டும் என்று சைகை காட்டினார். கூட்டத்தில் சிலர் இதுவும் கதையில் உள்ளதுதான் போல என்று கைதட்டவே தொடங்கிவிட்டார்கள்.

சாவியண்ணனின் சிரிப்பு மெல்ல உறைந்தது. வாளிகளையும், அவள் கட்டியிருந்த சேலையையும், மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பதறிப்போய் வால்வை மூடப் போனார்.

"நிறுத்தாதீங்க" என்றாள் அவள், நனைந்தபடி. சத்தம் போடவில்லை. "ரெண்டு வாளியும் நெறையட்டும். காலையிலேர்ந்து மூணு பிரசவம், தொட்டி காலி. உள்ள ஒரு பொண்ணு துடிச்சிட்டிருக்கா. டாக்டரம்மாவுக்குக் கை கழுவத் தண்ணி இல்ல. உங்களுக்குப் போன் பண்ணிப் பண்ணி நர்ஸம்மா விரலே தேஞ்சுபோச்சு."

கைதட்டல் நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சற்று முன்வரை சங்கீதமாக இருந்த சத்தம் இப்போது கேட்கவே கூசியது.

வாளிகள் நிரம்பியதும் அவள் அவற்றைத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தாள். அவர் கீழ் வால்வை மூடி, மேட்டு வால்வைத் திறந்தார். காலியான குழாய் நிறைந்து மேடேறப் பொழுது பிடிக்கும். அதை எந்த மேனேஜராலும் அவசரப்படுத்த முடியாது. அதற்குள் கதாநாயகி தன் வண்டிக்குள் ஓடி, குடிதண்ணீர் கேன் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு உயிர் வந்தது. விளக்குத் தூக்குகிறவர்கள், தையல்காரர், மைத்துனன் என்று ஆளுக்கொரு கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேடேறினார்கள். மணிக்கூண்டு வழியை அடைத்து நின்றது. நான்கு பேர் சேர்ந்து அதைக் கட்டிலைப் போலத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். நூறு வருஷக் கோபுரம் காற்றில் ஆடிக்கொண்டு நின்றது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கேன்களை இறக்கி வைத்தார்கள். பிரசவ அறைக் கதவு மூடியிருந்தது. கொண்டுபோன தண்ணீர் உள்ளே போயிற்று. அப்போதைக்கு அது போதும், அதற்கப்புறம் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. சாவியண்ணன் சுவரோரக் குழாயின் முன்னால் நின்றார். அது ஒருமுறை இருமியது. காற்று. மறுபடி இருமியது. துரு கலந்த ஒரு வாய்த் தண்ணீரைத் துப்பியது. பிறகு, சுண்டுவிரல் பருமனில், தெளிவாக, தண்ணீர் விழத் தொடங்கியது. மழையை எப்படிப் பார்த்ததோ அப்படியே அந்தக் கூட்டம் அந்தக் குழாயைப் பார்த்தது. டைரக்டரும் பார்த்தார். யாரும் உதட்டில் விரல் வைக்காமலே அத்தனை நிசப்தம்.

அந்த நிசப்தத்தில்தான் கதவுக்குப் பின்னாலிருந்து குழந்தை அழுதது.

பெண் குழந்தை, தாயும் நலம். நர்ஸம்மா வெளியே வந்து சொன்னார். மைத்துனன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "வாயைத் தொறக்காதேன்னு சொன்னேனே, பாவி நான்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டான்.

நர்ஸம்மா சாவியண்ணனிடம் கோபப்படவில்லை. "இத்தனை வருஷமா உங்க தண்ணியை நம்பித்தான் நாங்க கதவைத் தொறந்து வச்சிருக்கோம்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

வீடு திரும்பும்போது மனைவி அவருக்கு முன்னால் நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டாள்: "எனக்கு எதுக்குக் கையாட்டினீங்க?"

"என்னைப் பாக்க வந்தியோன்னு நெனச்சேன்."

அவள் சிரிக்கப் போனாள், முடியாமல் அழுதாள். அவரும்தான்.

மறுநாள் மேனேஜர் வந்தார். முகம் வாடியிருந்தது. ஒரு சின்ன ஷாட் பாக்கியாம், கொஞ்சம் மழை வேண்டுமாம். "அக்கா வாளி வச்சதைப் படத்துலயே வச்சிக்கலாம்னு டைரக்டர் சொல்றாருண்ணே. அப்படியே நடிச்சிருந்தாங்க!"

"அவ நடிக்கல" என்றார் சாவியண்ணன். "தம்பி, லாரி கொண்டு வாங்க, மழை பெய்ய வைங்க. நாங்களும் வந்து நின்னு வாயைப் பொளந்து பாக்கறோம். அது எங்களுக்கு ஆசைதான். ஆனா இந்த வால்வு தொறக்காது. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில கயிறும் கட்டக் கூடாது. இதை நேத்தே சொல்லியிருக்கணும், நான் சொல்லல. தப்பு உங்க மேல பாதின்னா, எங்க மேல பாதி."

லாரி வந்தது. ஷாட் முடிந்தது. தையல்காரர் அன்றைக்கு மெஷினை மிதித்துக்கொண்டேதான் வேடிக்கை பார்த்தார்.

படம் வெளிவந்தபோது தெருவே கிளம்பிப் போய்ப் பார்த்தது. மழைக் காட்சி வந்ததும் தியேட்டர் மூச்சை அடக்கிக்கொண்டது. அவ்வளவு பெரிய திரையில் அந்த மழை முன்னைவிட அழகாக இருந்தது. ஓரத்தில் ஆஸ்பத்திரிச் சேலை கட்டிய ஒருத்தி வந்து, வாளிகளை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கீழ்த்தெருக்காரர்கள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சாவியண்ணன் குனியவில்லை, பார்த்தார். பக்கத்தில் இருந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

அடுத்த இருக்கையில் முன்பின் தெரியாத ஓர் இளைஞன் தன்னை மறந்து அவர் தொடையைத் தட்டினான். "யப்பா! என்ன மழை பாத்தீங்களா சார்? நிஜ மழை தோத்துது!"

"பாத்தேன் தம்பி" என்றார் சாவியண்ணன். "இவ்வளவு அழகை நான் வேற எங்கயும் பாத்ததில்ல. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. அது ஒரு பிரசவ ஆஸ்பத்திரியோட தண்ணி. எவ்வளவு பெரிய அதிசயமா இருந்தாலும் நின்னு ரசிக்கலாம், தப்பில்ல. ஆனா அந்த மயக்கத்துல அடுத்தவங்க பங்கை எடுத்துக் குடுக்க நமக்கு யாருக்கும் உரிமை கெடையாது. தண்ணியில்லன்னு ஒருத்தி சொல்ல வரும்போது, படம் ஓடுதுன்னு அவ வாயை அடைக்கவும் உரிமை கெடையாது."